அட்ரஸ் கேட்டது தப்பா, சம்பந்தி?

என் அன்புச் சம்பந்தி மயிலாத்தாளுக்கு,

போன இடத்திலும் நாலு பேரை வரிசையாக நிற்க வைத்துக் குறை சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள். அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். நீங்கள் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருடம். நினைவு நாளுக்குப் பேப்பரில் போட்டோ போட்டு இரண்டு வரி எழுதலாம் என்று உங்கள் மகன் சொன்னார். உங்களுக்கு இரண்டு வரி எப்படிப் போதும்? நான் நோட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். நான் எழுதித் தருவதை நம் பேத்தி நிவேதா தட்டச்சு செய்து போனில் குடும்பக் குரூப்பில் போடுவாள். சொந்தபந்தம் எல்லாரும் படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. நம் பெரிய பேரன் கௌதம் மண்ணரையில் சொந்தமாகப் பனியன் தைக்கிற யூனிட் போட்டுவிட்டான். பன்னிரண்டு மிஷின். தைக்கிறவர்களை ஒரு நாள்கூட அவன் அதட்டிப் பார்த்ததில்லை. உங்கள் பேரன்தானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. கடைக்குட்டி ஹரிணி கபடியில் மாவட்டம் வரைக்கும் போய்க் கப் வாங்கி வந்தாள். முட்டி முழுக்கக் காயம், வாய் முழுக்கச் சிரிப்பு. வெள்ளகோவிலில் என் மகனுடைய பையன் கால்நடை டாக்டருக்குப் படிக்கிறான். முதல் வருடம்தான். அதற்குள் ஊரில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து அவன் வாசலில் நிற்கிறார்கள்.

நடுவுள்ளவள் நிவேதா. உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் பிறந்து, உங்கள் மூக்கையும் என் அழுகையையும் வாங்கிக்கொண்டு வந்தவள், உங்களை அப்பாயி என்றும் என்னை அம்மாயி என்றும் கூப்பிடுகிறவள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கடைசி வருடம். போன வெள்ளிக்கிழமை காலேஜில் நடந்த புராஜெக்ட் ரெவ்யூவில் அவளுடைய புரோகிராமைப் பார்த்துவிட்டு ஆசிரியர்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்களாம். உட்கார்ந்து கேட்பதைவிட நின்று கேட்பது பெரிய மரியாதை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை வருவதற்கு முன்னால் என்ன பாடுபட்டோம் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். அந்தக் கஷ்டத்தில் பாதி என்னால் வந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

கௌதமின் யூனிட்டில் பேக்கிங் எப்போதும் தகராறு. ஒரு பெட்டிக்கு எஸ் இரண்டு, எம் நாலு, எல் நாலு, எக்ஸெல் இரண்டு என்று சரக்கு வாங்குகிற பையர் சொன்ன வரிசையில் பனியன் போக வேண்டும். நீங்கள் அதைத் தலையிலேயே கணக்குப் போட்டுவிடுவீர்கள். இப்போதுள்ளவர்களுக்குத் தலை போனில் இருக்கிறது. அதனால் நிவேதா அண்ணனுக்காக ஒரு புரோகிராம் எழுதினாள். காலேஜ் ரெவ்யூவுக்கும் அதையேதான் காட்ட வேண்டும். எல்லாம் சரியாக வந்தது. கடைசிப் பெட்டியில் ஏதாவது ஒரு சைஸ் குறைந்தால் மட்டும் அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. குறைந்த பீஸைத் தேடித் தேடி, கிடைக்காமல், விடவும் தெரியாமல். எனக்கு உங்கள் நினைப்புத்தான் வந்தது.

புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். கட்டடம் கிடையாது, எல்லாம் போனுக்குள்தான். ஒருவர் சந்தேகம் கேட்பார், உலகத்தில் எங்கேயோ இருக்கிற இன்னொருவர் பதில் சொல்வார். அங்கே யாருக்கும் முகம் இல்லை. ஒருவருக்கு ஆந்தைப் படம், ஒருவருக்குப் பூனைப் படம். நம் பெண் மட்டும் போன தைப்பூசத்துக்குச் சிவப்புத் தாவணியில் எடுத்த போட்டோவைப் போட்டு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்த் தன் சந்தேகத்தைக் கேட்டாள்.

ஆந்தைக்காரர் வந்தார். ‘உன் வீட்டுப்பாடத்தைச் செய்து தர நாங்கள் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை. இதுகூடத் தெரியாவிட்டால் வேறு வேலை பார்’ என்று இங்கிலீஷில் எழுதினாராம். அவருக்குப் பின்னால் பூனைக்காரர். ‘போட்டோ எடுக்க நேரம் இருக்கிறது, படிக்கத்தான் நேரம் இல்லை போலிருக்கிறது’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். கேள்வியைப் பூட்டிவிட்டார்கள். இனிமேல் யாரும் அதற்குப் பதில் சொல்ல முடியாது, கீழே கருத்து மட்டும் எழுதலாம்.

அவள் அழவில்லை சம்பந்தி. அழுதிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. சிவப்புத் தாவணிப் போட்டோவை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் கண்ணும் வாயும் இல்லாத ஒரு சாம்பல் நிறத் தலை வந்து உட்கார்ந்தது.

“ஏன் கண்ணு, போட்டோவ எடுத்துப்போட்ட?”

“சும்மாதான் அம்மாயி. இனிமே அங்க ஒண்ணும் கேக்கப் போறதில்ல. ரெவ்யூல வர்றது வரட்டும். படிப்பு முடிச்சுட்டு அண்ணன் யூனிட்டுலயே எதாச்சும் பாத்துக்கறேன்.”

நாலு வருடம் விடியற்காலை பஸ் பிடித்துப் படித்த பெண், ஒரு ஆந்தை சொன்னதற்காக வேறு வேலை பார்க்கப் போகிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்.

மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்தாள். போன் கட்டிலில் கிடந்தது. அந்தக் கேள்விப் பக்கம் திறந்தபடியே இருந்தது. மைக் படத்தை அமுக்கினால் பேசுவது எழுத்தாக விழும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் குடியிருக்கிற பீகார்ப் பெண்ணிடம் தண்ணீர் மோட்டார் சண்டையே நான் போனில் மொழி மாற்றித்தான் போடுகிறேன். அமுக்கினேன். ரொம்ப மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

“ஏனுங்க ஆந்தைக்காரருங்களே, நல்லா இருக்கீங்களா? நான் நிவேதாவோட அம்மாயி பேசறேனுங்க. ஒரு புள்ள சந்தேகம் கேட்டா, தெரிஞ்சாச் சொல்லோணும், தெரியாட்டி வாய மூடிக்கிட்டுப் போகோணுமுங்க. ஆந்தைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு அத்தன திமிரு என்னத்துக்குங்க? உங்கள வளத்தவங்க பாத்தா நாண்டுக்குவாங்க. உங்க அட்ரஸக் குடுங்க. நான் நேருலயே வர்றேன். பூனைக்காரரு அட்ரஸும் சேத்துக் குடுங்க, ஒரே நடையா ரெண்டு பேரையும் பாத்துட்டு வந்தர்றேன்.”

அனுப்பிவிட்டு, மனது லேசாகி, காபி போட்டுக் குடித்தேன்.

குளித்துவிட்டு வந்தவள் போனைப் பார்த்தாள். தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து விழுந்தது.

“அம்மாயி! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“நானென்ன கண்ணு பண்ணுனேன்? மரியாதையாத்தான பேசுனேன். ங்க போட்டுத்தான் பேசுனேன்.”

“என்னைய ஏழு நாளைக்கு உள்ள விட மாட்டாங்களாமா. மெரட்டுனேன்னு போட்டிருக்காங்க!”

“யாரு மெரட்டுனது? நான் அட்ரஸ்தான கேட்டேன்?”

“அதுதான் அம்மாயி மெரட்டல்!”

நான் பேசிய தமிழை அங்கே உள்ளவர்கள் இங்கிலீஷுக்கு மாற்றிப் படித்தார்களாம். மிஷின் தப்பாக மாற்றியிருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல் விடாமல் சரியாக மாற்றியிருந்தது. அதுதான் வினை.

திங்கட்கிழமை கதவை அடைத்தார்கள். வெள்ளிக்கிழமை ரெவ்யூ. ஏழு நாள் என்றால் எல்லாம் முடிந்த பிறகுதான் திறக்கும். புரோகிராம் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. நிவேதா கோபத்தில் என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்தாள், பக்கத்தில் உட்காரவில்லை. உங்கள் கோபம் பரவாயில்லை, கத்தி முடித்தால் போய்விடும். இது என் கோபம், சத்தமே வராது. எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் நானே போய்க் கேட்டேன். “அங்க கதவ அடைச்சது யாரு கண்ணு? மொதலாளியா?”

“மாடரேட்டர்னு சொல்லுவாங்க அம்மாயி. நம்ம செக்கிங் மாதிரி. யாரு என்ன எழுதறாங்கன்னு பாத்து, தப்பா இருந்தா எடுப்பாங்க.”

“அவருகிட்டச் சொல்லிப் பாக்கலாமுல்ல. எத்தன மணிக்கு டூட்டிக்கு வருவாரு?”

“டூட்டியெல்லாம் கெடையாது. சம்பளமும் கெடையாது. அவங்கவங்க வேலைக்கு நடுவால சும்மா பாக்கறாங்க.”

சம்பந்தி, நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சம்பளம் இல்லாமல் செக்கிங்! நாள் பூராவும் அடுத்தவர்கள் திட்டிக்கொள்வதைப் படித்து, பொறுக்கி, ஒதுக்கி வைக்கிற வேலை. அதற்குக் கூலி கிடையாது. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த உங்களுக்குச் சம்பளம் கொடுத்தே உங்கள் வாய் அந்தப் போடு போட்டது. சும்மா பார்க்கச் சொல்லியிருந்தால் கம்பெனி இருந்திருக்குமா?

அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றேன். நிவேதா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அவளே நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் எழுதினாள். நடுநடுவே, “இது வேண்டாம் அம்மாயி” என்று நிறுத்தினாள். ஆந்தையைப் பற்றிய மூன்று வரியை அடித்துவிட்டாள். அதில் ஒன்று ரொம்ப நன்றாக இருந்தது. உங்களிடம் மட்டும் நேரில் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தில் உங்களைப் பற்றித்தான் எழுதினேன்.

ஞாபகம் இருக்கிறதா? நான் ஓவர்லாக் மிஷினில், நீங்கள் செக்கிங் டேபிளில். அப்போது நாம் சம்பந்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் தைத்த பண்டலைப் பிரிப்பீர்கள். ஒரு பீஸைத் தூக்கி என் மடியில் எறிவீர்கள். “ஏனம்மிணி, கண்ண ஊட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா?” எங்கே தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள். கழுத்தா, கையா, பக்கத் தையலா என்று நான் முன்னும் பின்னும் புரட்டித் தேடுவேன். தேடி முடிப்பதற்குள் அடுத்த பீஸ் வந்து விழும். ஒரு நாள் மொத்தப் பண்டலையும் லைனில் தைக்கிற எல்லார் முன்னாலேயும் என் காலடியில் போட்டு, “நீயெல்லாம் மாடு மேய்க்கப் போலாம்” என்றீர்கள். நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். உண்மையாகவே மாடு வாங்குவது பற்றி அம்மாவிடம் பேசினேன்.

மூன்றாம் நாள் வெயிலில் நீங்கள் எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். “உன்ற அட்ரஸக் கண்டுபுடிக்கவே அர நாளு ஆச்சு” என்றீர்கள். அதற்கும் என்னைத்தான் திட்டினீர்கள். சண்டைக்கு வந்தவராகத்தான் தெரிந்தது. ஆனால் வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் பேச முடியுமா? அம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். மோர் குடித்த வாயால் அதற்கு மேல் எப்படித் திட்டுவது, எங்கள் வீட்டில் குடித்தவரிடம் நான்தான் எப்படி முறைத்துக்கொண்டு நிற்பது? “நாளைக்கு வா” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

இதைத்தான் எழுதச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் சண்டை வந்தால் வீட்டுக்குப் போய்த்தான் தீர்ப்போம். போனால் குடிக்கக் கொடுப்பார்கள். குடித்த பிறகு கோபம் பாதிதான் இருக்கும். அதற்காகத்தான் அட்ரஸ் கேட்டேன், அடிக்க இல்லை. பேசினது நான், என் பேத்தி இல்லை. அடைப்பதாக இருந்தால் என்னை அடையுங்கள், அவளை உள்ளே விடுங்கள். அவளுக்கு வெள்ளிக்கிழமை ரெவ்யூ.

புதன்கிழமை பதில் வந்தது. அந்த மாடரேட்டருக்குக் கள்ளிச்செடிப் படம். ஆணா பெண்ணா தெரியவில்லை. நிவேதா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். ‘எங்களிடம் முகவரி கேட்கிறவர்கள் அடிப்பதற்குத்தான் கேட்பார்கள். எனக்கே அப்படிப் பல முறை வந்திருக்கிறது. தண்ணீர் குடிக்கக் கேட்டது நீங்கள்தான் முதல்’ என்று எழுதியிருந்தார்.

சம்பளம் இல்லாமல் பார்க்கிற வேலைக்கு மிரட்டல் வேறு! எல்லாரையும் திருத்தக் கிளம்பி, நானும் போய் அந்த மிரட்டல் வரிசையிலேயே நின்றிருக்கிறேன்.

அப்புறம் சில விஷயங்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒருவருடைய பெயரில் இன்னொருவர் பேசக் கூடாது. இந்த ஒரு தடவை கதவைத் திறக்கிறோம், இன்னொரு தடவை நடந்தால் நிரந்தரமாக அடைத்துவிடுவோம். தன்னைப் புண்படுத்திய வரிகள் எவை என்று நிவேதா குறித்துக் காட்ட வேண்டும். வருகிற எல்லாவற்றையும் அவர்களால் படிக்க முடியாதாம். குறித்துக் காட்டுவதற்கென்றே அங்கே ஒரு கொடிப் படம் இருக்கிறது.

“அந்தக் கொடிய நீ அமுக்கவே இல்லியா கண்ணு?”

“அமுக்குனா, அழுமூஞ்சின்னு பேசுவாங்க அம்மாயி.”

“அது செரி. அதுக்குத்தான் நான் போயி அட்ரஸ் கேட்டேன்!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள். அந்த இரண்டு வரிகளையும் குறித்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் ஆந்தை எழுதியதும் பூனை எழுதியதும் பக்கத்திலிருந்து காணாமல் போயின. நான் எழுதியது முன்னாடியே போயிருந்தது.

ஆனால் கேள்வியின் பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பற்றியும் கள்ளிச்செடிக்காரர் எழுதியிருந்தார். மொத்தப் புரோகிராமையும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாய், எந்தச் சமயத்தில் சுற்றுகிறது என்று சொல்லவில்லை, அதைச் சொன்னால் திறக்கிறோம் என்றார். நிவேதா மூக்கை விடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, “அவங்க சொல்றது கரெக்ட்தான் அம்மாயி. ஒரு பண்டலையே கொண்டு போயி மடியில போட்டுட்டு, எங்க தப்புன்னு கேட்ட மாதிரிதான் கேட்டிருக்கேன்” என்றாள்.

உட்கார்ந்து கேள்வியைத் திருத்தி எழுதினாள். இத்தனை பனியன், இந்த சைஸ் குறைகிறது, இந்தப் பெட்டியில் வந்து சுற்றுகிறது என்று. வியாழக்கிழமை காலையில் பூட்டைத் திறந்துவிட்டார்கள்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் டிங் என்றது. பார்த்தவள் கையில் சோற்றோடு அப்படியே நின்றாள்.

“அம்மாயி, ஆந்தை.”

“மறுக்காத் திட்டறானா?”

“இல்ல. இங்க பாருங்க.”

போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு இங்கிலீஷ் எழுத்து எங்கே புரியும்? ஆனால் ஒன்று புரிந்தது. அவள் எழுதிய புரோகிராமை அவர் அப்படியே எடுத்துப் போட்டு, நடுவில் ஒரே ஒரு வரிக்குப் பக்கத்தில், கோடு கோடாகப் போட்டு ஒரு அம்பு வரைந்திருந்தார். அம்புக்கு நேராக ஒரு சொல். ‘இங்கே’ என்று அதற்கு அர்த்தமாம்.

“ஒரு சாரிகூடச் சொல்லல பாத்தீங்களா?” என்றாள் நிவேதா.

நான் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன் சம்பந்தி. மூன்று நாள் கழித்து நான் கம்பெனிக்குத் திரும்பி வந்த அன்று, முதல் பண்டல் உங்கள் டேபிளிலிருந்து வந்தது. நான் மடியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எறியவில்லை. பீஸ் மிஷின் மேலேயே வந்து உட்கார்ந்தது. கழுத்துப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு. இப்போது கடையில் ரோல் ரோலாக அம்பு ஸ்டிக்கர் விற்கிறார்கள். அன்றைக்கு நீங்கள் எதையோ கத்தரித்து, பசை தடவி, நீங்களாகச் செய்திருந்தீர்கள். ஒரு பக்கம் கோணல். அதன் பிறகு நீங்கள் எனக்கு அம்பு ஒட்டாமல் ஒரு பீஸ்கூட அனுப்பியதில்லை. திட்டாமலும் அனுப்பியதில்லை, அது வேறு.

நீங்களும் ஒரு சாரி சொன்னதில்லை. பெண் கொடுத்தேன், உங்கள் மகன் கட்டினார், மூன்று பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள், ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்தீர்கள். அப்போதும் “வளையல் என்ன இப்பிடித் தேஞ்சு போச்சு, மாத்து” என்றுதான் சொன்னீர்கள். சொல்ல வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? நானும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா, இல்லை அதற்கும் ஒரு திட்டா?

நிவேதா ஆந்தைக்காரருக்கு நன்றி எழுதினாள். ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சேர்த்து எழுதச் சொன்னேன். “அம்மாயி, நம்ம அட்ரஸையும் குடுக்கக் கூடாது” என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். இது என்ன ஊரோ. பதில் உண்டு, வாசல் கிடையாது.

அம்பு காட்டிய வரியைத் திருத்தினாள். குறைகிற சைஸை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போ என்று புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்தாள். சுற்றுவது நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை ஆசிரியர்கள் எழுந்து நின்றதை முதலிலேயே சொல்லிவிட்டேன். கௌதமுக்கும் கடைசிப் பெட்டித் தகராறு தீர்ந்தது.

நேற்று இன்னொன்று நடந்தது. யாரோ ஒரு பெண்ணோ பையனோ, அங்கே ஒரு கேள்வியைக் கொட்டியிருந்தார்கள். தலையும் இல்லை, வாலும் இல்லை. நிவேதா அதைப் படித்தாள். மூக்கு விடைத்தது. சாட்சாத் உங்கள் மூக்கு. விறுவிறுவென்று என்னமோ தட்டினாள். நான் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டினதை ஒரு தடவை படித்தாள். திரும்பி, சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற உங்கள் போட்டோவைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்தாள். அழித்துவிட்டு, பொறுமையாக உட்கார்ந்து, கோடு கோடாகப் போட்டு ஒரு அம்பு வரைந்தாள்.

வேறு வேலை பார்க்கப் போகிறேன் என்ற பேச்சே இப்போது இல்லை. ஆனால் பதில் சொன்னது யார் என்று பார்த்தால், அங்கே இன்னமும் அந்தச் சாம்பல் தலைதான் இருக்கிறது. அது ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் பேரில் சத்தியமாகச் சொல்கிறேன் சம்பந்தி. இனிமேல் அடுத்தவர் போனை எடுத்து யாரிடமும் அட்ரஸ் கேட்க மாட்டேன். கோபம் வந்தால் இந்த நோட்டில் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு ஒன்றும் புதிதில்லை, நீங்கள் தாங்குவீர்கள். நம் பெண்ணை யாராவது தூக்கி எறிந்து பேசினால், அவளே கொடியை அமுக்குவாள், நான் பக்கத்தில் மோரோடு உட்கார்ந்திருப்பேன்.

நிவேதா கண்ணு, இதைத் தட்டச்சு செய்கிறவள் நீதானே. அந்த இடத்தில் ஆந்தை இருக்கிறது, பூனை இருக்கிறது, கள்ளிச்செடிகூட இருக்கிறது. ஒரு மனுசி முகம் இருந்தால் என்ன? அந்தச் சாம்பல் தலையை எடுத்துவிட்டு, உன் அப்பாயி மூக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி புதுசாக ஒரு போட்டோ போடு சாமி.

உங்கள் பேத்தியின் அம்மாயி,
உங்களிடம் திட்டு வாங்கியே சம்பந்தியானவள்,
பாப்பாத்தி